பெயரும் எண்ணும்



ஒருமைச் சொல்லைப் பன்மைச் சொல்லாக்குவது எங்ஙனம் என்று வினவினால், கீழ்வகுப்பில் பயிலும் சிறுவனும் தயங்காமல் விடை கூறுவான்: "சொல்லின் இறுதியில் 'கள்' சேர்க்க வேண்டும்." அவ்விடை தவறன்று, ஆனால் அது பாதி விடையே ஆகும். 'உழவன்' என்ற சொல்லோடு 'கள்' சேர்த்து 'உழவன்கள்' என்று நாம் எழுதுவதில்லை. நெற்களஞ்சியமாகிய தஞ்சை நாட்டில் மலைபோல் நெல் குவிந்து கிடந்தாலும் 'நெற்கள் குவிந்துள்ளன' என்று எவரும் சொல்வதில்லை. 'பத்துப் படி அரிசி' என்பதற்குப் 'பத்துப் படிகள் அரிசி' என்று சொன்னால், கேட்பவர் நம்மை வியப்போடு பார்ப்பார்.

இஃது ஏன்? பெயர்ச்சொற்கள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல. ஒவ்வொரு பெயரும் எவ்வகையைச் சார்ந்தது என்று தெரிந்தால்தான், அது பலவாகும்போது எவ்வடிவம் பெறும் என்பது விளங்கும். பெயரின் வகை முன்னது. பன்மை அதன் வழிப்பட்டது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால், பன்மை பற்றிய விதிகளை மனப்பாடம் செய்யும் சுமை பெரிதும் குறையும். இன்றைய பேச்சில் அதனைத் தஞ்சை மண்ணிலிருந்தே எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரின் வகைகளைக் காண்போம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்டியதற்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல். அந்நூல் பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுக்கிறது. இவ்வாறும் ஒரு வயலின் வரப்பில் நின்று பார்த்தாலே கண்முன் தோன்றும்.

நெல், ஏர், மண்வெட்டி, மாடு, உழவர் ஆகியவை பொருட்பெயர்கள். வயல், களம், வாய்க்கால், கல்லணை, திருவையாறு ஆகியவை இடப்பெயர்கள். ஆடி, தை, விடியல், மேட்டூர் அணை திறக்கப்படுவதற்கு மரபாகக் குறிக்கப்பட்ட ஜூன் 12 என்ற நாள் ஆகியவை காலப்பெயர்கள். நெற்பயிரின் உறுப்புகளாகிய வேர், தாள், கதிர் ஆகியவையும், மாட்டின் கொம்பு, வால், குளம்பு ஆகியவையும் சினைப்பெயர்கள். சினை என்பது ஒரு முழுப்பொருளின் உறுப்பு. பசுமை, ஈரம், செழுமை, முற்றிய மணியின் பொன்னிறம் ஆகியவை குணப்பெயர்கள்; பண்புப்பெயர் எனவும் இவற்றை வழங்குவர். உழவு, நடவு, களைபறித்தல், அறுவடை ஆகியவை தொழிற்பெயர்கள்.

இப்பகுப்பு வெறும் பட்டியல் அன்று. பன்மைக்கு இது வழிகாட்டி. கையால் தொட்டு எண்ணக்கூடிய பொருளும், இடமும், உறுப்பும் எளிதில் பன்மை கொள்ளும்: ஏர்கள், வயல்கள், கொம்புகள். குணமோ எண்ணுதற்கு உரியதன்று. ஒரு வயலின் பசுமையும் நூறு வயல்களின் பசுமையும் பசுமையே; 'பசுமைகள்' என்பதற்குத் தேவை எழுவதில்லை. தொழிலை எண்ணும்போதும் பெயர் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். 'நிலத்தை மூன்று உழவு உழுதார்' என்கிறோம். 'மூன்று உழவுகள் உழுதார்' என்பதில்லை.

பெயர்களை வேறொரு வகையாகவும் பகுப்பதுண்டு. 'ஆறு' என்பது எல்லா ஆறுகளையும் குறிக்கும் பொதுப்பெயர். 'காவிரி' என்பது ஒன்றற்கே உரிய சிறப்புப்பெயர். 'மரக்கால்' என்பது முகத்தல் அளவைக்குப் பொதுப்பெயர். ஆனால் இராசராச சோழன் காலத்துத் தஞ்சையில் நெல் அளந்த மரக்கால் ஒன்றுக்கு 'ஆடவல்லான்' என்றே சிறப்புப்பெயர் இட்டிருந்தனர். பொதுப்பெயர் பன்மை ஏற்கும். சிறப்புப்பெயர் தன் இயல்பில் பன்மை ஏலாது. காவிரி ஒன்றே, 'காவிரிகள்' இல்லை.

சிறப்புப்பெயரோடு பொதுப்பெயர் சேர்ந்து வரும்போது ஒருமை பன்மையாகும் விதத்தை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது. ஒருகாலத்தில் 'தஞ்சை மாவட்டம்' என்ற ஒன்றே இருந்தது. அதிலிருந்து 1991ஆம் ஆண்டு நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 1997ஆம் ஆண்டு திருவாரூர் மாவட்டம் தோன்றியது. 2020ஆம் ஆண்டு மயிலாடுதுறை மாவட்டம் அமைந்தது. இன்று 'காவிரிப் பாசன மாவட்டங்கள்' என்கிறோம். பன்மையானது பொதுப்பெயராகிய 'மாவட்டம்' மட்டுமே. தஞ்சை தஞ்சையாகவே நிற்கிறது.

அடுத்து, தமிழ்ப் பெயர்களின் தலையாய பகுப்பாகிய திணையைக் கருதுவோம். மக்களைக் குறிப்பது உயர்திணை. ஏனைய உயிருள்ளவையும் உயிரில்லாதவையும் அஃறிணை. மக்களாகக் கருதப்படுவோரே உயர்திணை எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். அவ்வரையறையில் உயர்ந்தோர், தாழ்ந்தோர், செல்வர், வறியர் என்ற வேறுபாடு எதுவுமில்லை. மனிதராயின் உயர்திணை, அவ்வளவே. இதனை நன்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

உயர்திணையில் பலரைக் குறிப்பது பலர்பால். அஃறிணையில் பலவற்றைக் குறிப்பது பலவின்பால். இவ்விரண்டும் பன்மையே எனினும், இரண்டும் அமையும் முறை வேறு வேறு.

அஃறிணையை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கேதான் 'கள்' விகுதிக்குப் பழமையான உரிமை. அவ்விகுதி சேரும்போது சொல்லின் ஈறு எவ்வாறு மாறுகிறது என்பதைச் சில விதிகளில் அடக்கிவிடலாம்.

மகர மெய்யில் முடியும் சொற்களில் அம்மெய் ஙகரமாகும். களம், களங்கள், குளம், குளங்கள், மரம், மரங்கள்.

லகரத்திலும் ளகரத்திலும் முடியும் சொற்களில் சற்றே கவனம் வேண்டும். ஒரே ஒரு குற்றெழுத்தை அடுத்து அம்மெய் நின்றால் லகரம் றகரமாகவும், ளகரம் டகரமாகவும் திரியும். கல், கற்கள், புல், புற்கள், சொல், சொற்கள், முள், முட்கள். அவ்வாறன்றி நெட்டெழுத்தை அடுத்தோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளை அடுத்தோ அம்மெய் நின்றால் திரியாது நிற்கும். வயல், வயல்கள், வாய்க்கால், வாய்க்கால்கள், தேள், தேள்கள், பொருள், பொருள்கள். இவ்விதிப்படி 'நாள்' என்பதன் பன்மை 'நாள்கள்'. 'நாட்கள்' என்று எழுதினால் அது நாள்பட்ட கள்ளைக் குறித்துவிடும் எனப் பழைய தமிழாசிரியர்கள் வகுப்பில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. வழக்கில் 'நாட்கள்' பரவிவிட்டதாயினும், விதி எது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பூ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களிலும், பசு, தெரு போன்ற முற்றியலுகரச் சொற்களிலும் ககர ஒற்று மிகும்: பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள். ஐகாரத்தில் முடியும் சொற்களில் மிகாது: விதைகள், வாழைகள், கைகள். மாடு, மதகு, வரப்பு போன்ற குற்றியலுகரச் சொற்களிலும் மிகாமல் மாடுகள், மதகுகள், வரப்புகள் என்றே வரும். 'எழுத்து', 'கருத்து' போன்ற சொற்களில் 'எழுத்துக்கள்', 'கருத்துக்கள்' என ஒற்று மிக எழுதுவோரும் உளர். மிகாமல் எழுதுவதே தெளிவு என்பது என் கருத்து. எதை மேற்கொண்டாலும் ஒரு கட்டுரை முழுதும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். ஏனைய மெய்களில் முடியும் ஏர், நாய், மீன், இதழ் போன்ற சொற்கள் மாற்றமின்றி 'கள்' ஏற்கும்.

இவை எழுத்து மாற்றங்கள். பயிற்சியால் எளிதில் வரும். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. அஃறிணைப் பெயர் பன்மையை உணர்த்துவதற்குக் 'கள்' கட்டாயமன்று. 'மாடு வந்தது' என்றால் ஒன்று. 'மாடு வந்தன' என்றால் பல. பெயரில் யாதொரு மாற்றமும் இல்லை. வினைமுற்றே எண்ணைக் காட்டிவிடுகிறது. இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ஒன்று, பல என்ற பால் பிரிவு அச்சொல்லில் இல்லை என்பது அதன் பொருள். இத்தகைய பெயர்களின் ஒருமையும் பன்மையும் வினையால் விளங்கும் என்பதைத் தொல்காப்பியரும் கூறியுள்ளார்.

'மாடு' என்ற சொல் ஒரு தனி மாட்டின் பெயரன்று, ஓர் இனத்தின் பெயர் என்று எண்ணிப் பாருங்கள். இவ்விதியின் நயம் விளங்கும். இனம் ஒன்றுதான். அதில் எத்தனை என்பதை எண்ணுப்பெயரோ, வினையோ, 'பல', 'சில' போன்ற சொற்களோ எடுத்துக் கூறும். ஆதலால் 'பத்து மாடு' என்பதும் தமிழே. 'பத்து மாடுகள்' என்பதும் தமிழே. 'பத்து' என்ற சொல் முன்னரே பன்மையைச் சொல்லிவிட்டபடியால், பின்னது தெளிவுக்காகச் சேர்த்தது. இவ்வியல்பு ஊர்ப்பெயரிலும் பதிந்திருக்கிறது. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளோடு தொடர்புபடுத்தப்படும் தலம் 'திருவையாறு' எனப்பட்டதே அன்றி 'ஐந்தாறுகள்' எனப்படவில்லை.

உலக மொழிகளைப் பார்த்தால் இதில் விந்தை ஒன்றுமில்லை என்பது புலனாகும். ஆங்கிலத்தில் எண்ணுப்பெயர் முன்னே நின்றாலும் பெயர் தனக்கெனப் பன்மை விகுதியை ஏற்றே தீர வேண்டும். வடமொழியிலும் அரபு மொழியிலும் ஒருமை, பன்மைகளோடு இரண்டைக் குறிக்கும் இருமை என்ற ஒன்றும் உண்டு. மலாய் மொழியில் பெயரை இருமுறை அடுக்கிப் பன்மையை உணர்த்துவர். சீன மொழியில் பொருட்பெயர்கள் பெரும்பாலும் மாறுவதே இல்லை. தமிழோ வினையிடத்தும் பெயரிடத்தும் பன்மையைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பயிலும் மாணவர் அம்மொழியின் பழக்கத்தால் கண்ட பெயருக்கெல்லாம் 'கள்' சேர்ப்பது இக்காலத்தில் மிகுந்து வருகிறது. ஒரு மொழியின் விதியை மற்றொரு மொழியின்மேல் ஏற்றுவது, வாய்க்காலைக் கேளாமல் வயலுக்கு நீர் பாய்ச்ச முனைவது போலாகும்.

இனி அளவுப்பெயர்களைக் காண்போம். நெல், நீர், பால், மண், எரு போன்றவை தனித்தனியே எண்ணப்படுவன அல்ல, அளக்கப்படுவன. தஞ்சை நாட்டில் நெல்லை மரக்காலாலும் கலத்தாலும் அளந்தனர். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். நிலத்தை மாவாலும் வேலியாலும் கணக்கிட்டனர். 20 மா கொண்டது ஒரு வேலி. அது ஆறரை ஏக்கருக்கு மேற்பட்டது. மெட்ரிக் அளவை முறை வந்து இவை சட்ட வழக்கினின்று நீங்கிய பின்னரும், 'மூன்று மா நிலம்' என்ற பேச்சை இவ்வட்டாரத்தில் இன்றும் கேட்கலாம்.

இவ்வளவுப்பெயர்கள் 'கள்' ஏற்பதில்லை. 'நூறு கலம் நெல்', 'ஐந்து வேலி நிலம்', 'இரண்டு முழம் பூ', 'மூன்று நாள் மழை' என்றே வழங்குகிறோம். 'கள்' சேர்த்தால் பொருளே மாறிவிடும். 'நூறு கலம்' என்பது நெல்லின் அளவு. 'நூறு கலங்கள்' என்பது நூறு பாண்டங்கள் அல்லது நூறு மரக்கலங்கள். 'பத்துப் படி' என்பது அரிசியின் அளவு; 'பத்துப் படிகள்' என்பது குளத்தில் இறங்கும் படிக்கட்டு. ஒரே சொல் அளவையாக நிற்கும்போது பன்மை விகுதி கொள்ளாமலும், பொருளாக நிற்கும்போது அதனைக் கொண்டும் வருவதைக் காணுங்கள். வகையே வடிவை முடிவு செய்கிறது என்று தொடக்கத்தில் கூறியதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இவ்விலக்கணத்தைக் கல்லிலேயே காண விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லலாம். 1010ஆம் ஆண்டு இராசராசன் கட்டி முடித்த அக்கோயிலின் கல்வெட்டுகளில், விளக்கெரிப்பதற்கென விடப்பட்ட கால்நடைகளின் கணக்கு விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அதற்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 எனக் கணக்கிட்டு அளித்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இத்தகைய கணக்கில் பெயரை முன்னும் எண்ணைப் பின்னும் நிறுத்தி, 'ஆடு தொண்ணூற்றாறு' என்ற முறையில் எழுதுவதே பெருவழக்கு. அங்கே 'கள்' தேவைப்படவில்லை. இன்றும் நாம் மளிகைக் கடைக்கு எழுதும் பட்டியலிலும், திருமணச் சீர்வரிசைப் பட்டியலிலும் 'தேங்காய் 10, குடம் 2' என்றுதான் எழுதுகிறோம். ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் அம்முறை மாறவில்லை.

சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டோ? ஆடுகள் மூத்தன, இறந்தன. ஆனால் அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர்கள், ஈன்ற குட்டிகளைக் கொண்டு குறைந்ததை ஈடுசெய்து, எண் என்றும் 96 ஆக நிலைக்குமாறு காக்கக் கடமைப்பட்டவர்கள். தனித்தனி ஆடு மாறலாம், எண் மாறலாகாது. பால்பகா அஃறிணைப் பெயர் இனத்தைக் குறிக்கிறது என்று கூறினேன் அல்லவா? அதற்கு இதனை ஓர் உயிருள்ள விளக்கமாகக் கொள்ளலாம்.

அதே கோயிலின் கல்வெட்டில் மக்களை எண்ணிய முறையைப் பாருங்கள். ஆடல், பாடல் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்கு வருவிக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட பெண்கள் 400 பேர். அவர்களைப் 'பெண்டுகள் நானூறு' என்று கூறி நிறுத்திவிடவில்லை. ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் எக்கோயிலிலிருந்து வந்தவள் என்பதும், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது அவர்களுக்கு வகுத்த ஊதியம். கால்நடைகளை ஏற்றுக்கொண்ட இடையர்களும் அவ்வாறே பெயர் சுட்டப்பட்டுள்ளனர். ஆட்டுக்கு எண் போதுமாயிற்று; ஆட்டை மேய்த்தவனுக்குப் பெயர் வேண்டியிருந்தது. இவ்வேறுபாடே அஃறிணைக்கும் உயர்திணைக்கும் உள்ள வேறுபாடு.

நம் அன்றாட மொழியும் இதையே செய்கிறது. 'எத்தனை மாடு?' என்று கேட்கிறோம். மக்களைக் குறித்தோ 'எத்தனை பேர்?' என்று கேட்கிறோம். 'பேர்' என்பது யாது? 'பெயர்' என்ற சொல்லின் மரூஉ. பத்துப் பேர் என்றால் பத்துப் பெயர்! மனிதரை எண்ணும்போது பெயரையே அலகாகக் கொண்டு எண்ணுகிறது தமிழ்.

உயர்திணைப் பெயர்கள் பன்மையாகும் முறை இவ்வியல்புக்கு ஏற்பவே அமைகிறது. இங்கே ஒருமை விகுதி நீங்கி, அவ்விடத்தில் பலர்பால் விகுதி வந்து நிற்கும். உழவன், உழத்தி; பன்மை உழவர். மாணவன், மாணவி, பன்மை மாணவர். ஆண், பெண் என்ற வேறுபாடு பன்மையில் மறைந்துவிடுகிறது. உறவுமுறைப் பெயர்கள் 'மார்' ஏற்கும்: தாய்மார், அண்ணன்மார், தம்பிமார். எண்ணுப்பெயரும் உயர்திணைக்கு வடிவு மாறும்: ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர், ஒன்பதின்மர், பதின்மர். 'உழவர் மூவர் வந்தனர்' என்பது செம்மையான தொடர். பல, சில என்பனவும் மக்களைக் குறிக்கையில் பலர், சிலர் என்றாகும்.

பழங்காலத்தில் பெரும்பாலும் அஃறிணைக்கு உரியதாயிருந்த 'கள்', காலப்போக்கில் உயர்திணையிலும் பரவிற்று. மேலே குறிப்பிட்ட 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கல்வெட்டிலேயே 'பெண்டுகள்' என்ற வடிவம் காணப்படுகிறது. பின்னர் அர் விகுதியின்மேல் கள் விகுதியும் ஏறி, உழவர்கள், ஆசிரியர்கள், அவர்கள் என இரட்டைப் பன்மைகள் தோன்றின. அதற்குக் காரணமும் உண்டு. 'அவர்' என்ற பன்மைச் சொல், மதிப்புக் கருதி ஒருவரையே குறிக்கவும் பயன்படலாயிற்று. 'தலைவர் வந்தார்' என்பதில் வந்தவர் ஒருவரே. சொல் மட்டும் பன்மை. இதனை மரியாதைப் பன்மை என்கிறோம். 'அவர்' ஒருவருக்கு உரியதாகவே, பலரைக் குறிக்க 'அவர்கள்' வேண்டியதாயிற்று.

இங்கே இலக்கணம் வாழ்க்கையோடு நெருங்கி வருகிறது. ஒருவரைப் பன்மையால் அழைப்பது மதிப்பு என்றால், ஒருவருக்கு அதனை மறுப்பது என்ன? தஞ்சை நாட்டு நிலங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் பண்ணையாள்கள். முதியவராயினும் அவர்களை 'நீ' என்றும் 'அவன்' என்றும் சுட்டுவது முற்கால வழக்கமாயிருந்தது. களத்துமேட்டில் 'இன்றைக்கு எத்தனை ஆள் வந்தது?' என்று கேட்கும் பேச்சை என் இளமையில் நானும் கேட்டிருக்கிறேன். 'மாடு நான்கு, ஆள் பத்து' என்று கணக்கும் சொல்வார்கள். 'ஆள்' என்பது உயர்திணைப் பெயர். அதற்கு 'வந்தது' என்ற அஃறிணை வினையைக் கொடுப்பது இலக்கண வழு மட்டும் அன்று. மனிதரை மாட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தும் எண்ணத்தின் நிழலும் அதில் படிந்திருக்கிறது. 'பத்து ஆள்கள் வந்தார்கள்' என்பதோ, 'பத்துப் பேர் வந்தனர்' என்பதோதான் திணை வழுவாத தமிழ். 'ஆட்கள்' என்ற வடிவமும் இன்று ஏற்கப்பட்ட வழக்கே.

1952ஆம் ஆண்டு சென்னை அரசு, தஞ்சை மாவட்டத்துக் குத்தகைதாரர்களையும் பண்ணையாள்களையும் காப்பதற்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. நிலத்தில் உழைப்பவர்களைக் காரணமின்றி நீக்குவதைத் தடுப்பதும், அவர்களுக்கு உரிய ஊதியத்தை வரையறுப்பதும் அதன் நோக்கங்கள். சட்டம் உரிமையைக் காக்கும். ஆனால் நாவில் வழங்கும் சொல்லை ஒவ்வொருவரும் தாமே திருத்திக்கொள்ள வேண்டும். மக்கள் அனைவரும் உயர்திணை என்று வகுத்த இலக்கணத்தைக் கற்றவர், அதனைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடலாகாது. முடிவெட்டுபவரும், துணி வெளுப்பவரும், வயலில் நாற்று நடுபவரும் 'அவர்' என்றே சுட்டப்படத் தக்கவர்கள். அர் விகுதிக்கு விலை ஏதுமில்லை. கொடுப்பவருக்குக் குறைவதும் இல்லை.

இனி, எழுவாயும் பயனிலையும் இயைதல் பற்றிச் சில சொற்கள். மாணவர் எழுத்தில் மிகுதியாகக் காணப்படும் வழுக்கள் இங்கேதான் நேர்கின்றன. 'வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டது' என்பது வழு. 'தூர்ந்துவிட்டன' என்பதே சரி. 'ஒவ்வொரு வயல்களும்' என்பது வழு. 'ஒவ்வொரு' என்ற சொல் ஒருமையையே வேண்டுமாதலால் 'ஒவ்வொரு வயலும் நீர் பெற்றது' என்க. 'இது பதர், நெல் அன்று' என்பது ஒருமை. 'இவை களைகள், பயிர்கள் அல்ல' என்பது பன்மை. 'உழவர் தன் நிலத்தை' எனலாகாது. 'தம் நிலத்தை' என்க.

இவற்றால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டா. ஊர்மக்கள் கையொப்பமிட்டு அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதும்போது, படித்த பிள்ளையாகிய உங்களைத்தான் எழுதச் சொல்வார்கள். ஊரில் பழுதானவை நான்கு மதகுகள் என்று கொள்வோம். 'எங்கள் ஊர் மதகு பழுதுற்றிருக்கிறது' என்று எழுதினால், படிப்பவர் ஒன்றென்றே கொள்வார். 'எங்கள் ஊர் மதகுகள் நான்கும் பழுதுற்றிருக்கின்றன' என்று எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. ஒரு விகுதியும் ஒரு வினைமுற்றும் சேர்ந்து மூன்று மதகுகளைக் காப்பாற்றக்கூடும்.

மாணவர்களே, இலக்கணத்தைப் புத்தகத்தில் மட்டும் கற்பது, நீச்சலைக் கரையில் நின்று கற்பதற்கு ஒப்பாகும். ஆதலால் உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி தருகிறேன். உங்கள் ஊரைப் பற்றிப் பத்து வாக்கியங்களில் ஒரு கணக்கு எழுதுங்கள். ஊரில் உள்ள குளங்கள், தெருக்கள், கால்நடைகள், விளைந்த நெல், பெய்த மழை, உழைக்கும் மக்கள் ஆகியவை எல்லாம் அதில் இடம்பெறட்டும். எழுதி முடித்தபின் ஒவ்வொரு பெயரையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். இஃது எண்ணப்படுவதா, அளக்கப்படுவதா? உயர்திணையா, அஃறிணையா? இதனைத் தொடரும் வினை இதனோடு இயைகிறதா? இம்மூன்றுக்கும் விடை கண்டால் பன்மை தானே சரியாக அமையும்.

அக்கணக்கின் இறுதியில், உங்கள் வீட்டுக்கு நெல் விளைவித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டறிந்து எழுதுங்கள். எண்ணோடு நிறுத்திவிடாமல் அவர்கள் பெயர்களையும் எழுதுங்கள்.